வீட்டுக்கு ஒரு நம்பர்

எனக்கு ஓரிடத்தில் இருக்கத் தெரியாது. கதிரையில் இருந்தால் கால் ஆடும். காலைப் பிடித்து வைத்தால் கையிலிருக்கிற பேனை டிக் டிக் என்று அடிக்கத் தொடங்கும். "பிரஷா, மேசை நடுங்குது" என்று ரவி அண்ணை நாளுக்கு ஒரு தடவையாவது சொல்லுவார். பிரஷாந்தினி என்ற என் முழுப் பெயரை அவர் கோபத்துக்கென்று எடுத்து வைத்திருக்கிறார்.

மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில், ஜோன்-தலோன் வீதியில், ஒரு புடைவைக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் மொழிபெயர்ப்பு நிலையம் இருக்கிறது. ரவி அண்ணை அரசாங்கப் பதிவுள்ள மொழிபெயர்ப்பாளர். அவருடைய முத்திரை விழுந்தால்தான் தமிழ்ப் பத்திரம் பிரெஞ்சில் செல்லுபடியாகும். மற்றதெல்லாம் நான். தட்டச்சு, தொலைபேசி, கம்ப்யூட்டர், வருகிற ஆட்களுக்குத் தேத்தண்ணி. கலியாணப் பதிவிலிருந்து நீதிமன்றத்துக்குக் கொடுக்கிற வாக்குமூலம்வரை இந்த நகரத்துத் தமிழ்ச் சனத்தின் பாதிக் கதை எங்கள் மேசையால்தான் போகும்.

இந்த வருசம் மாசி மாதம் ஒரு வினை வந்தது. அதுவரை எல்லாப் பத்திரங்களையும் இணையத்தில் ஒரே கோப்புறைக்குள் போட்டு, லிங்கை வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவோம். எங்களுக்கு நிறைய வேலை தருகிற வழக்கறிஞர் அம்மா ஒருநாள் தன்னுடைய கட்சிக்காரர் ஒருவரின் லிங்கைத் திறந்திருக்கிறார். பக்கத்திலேயே மற்ற எல்லாருடைய பத்திரங்களும் வரிசையாகத் தெரிந்திருக்கின்றன. இங்கே வழக்கறிஞரை 'மேத்ர்' என்றுதான் கூப்பிட வேண்டும். மேத்ர் சத்தம் போடவில்லை. கோபம் வந்தால் அவர் இன்னும் மரியாதையாகிவிடுவார். பங்குனி முடிவதற்குள் பாதுகாப்பான வழியொன்றைத் தேர்ந்தெடுங்கள், உரிய ஆளைத் தவிர வேறு ஒருவரும் பத்திரத்தைத் திறக்க முடியாதிருக்க வேண்டும், தரவு கியூபெக்கை விட்டு வெளியே போகக் கூடாது, இல்லாவிட்டால் என் வேலைகளை வேறு இடத்துக்குக் கொடுப்பேன் என்று மிக அழகான பிரெஞ்சில் எழுதியிருந்தார்.

ரவி அண்ணை கடிதத்தை என் மேசையில் வைத்துவிட்டு, "நீ பார்" என்றார். அவ்வளவுதான் கூட்டம்.

நான் பார்த்தேன். முதலில் கதைத்த விற்பனைக்காரன் மலிவு. பத்திரங்கள் எங்கே இருக்கும் என்று கேட்டேன். மேகத்தில் என்றான். எந்த நாட்டு மேகம் என்று கேட்டேன். விசாரித்துச் சொல்வதாகச் சொன்னவன் இன்றுவரை விசாரித்துக்கொண்டிருக்கிறான்.

இரண்டாவது ஆள் கீர்த்திகன். ரவி அண்ணையின் மச்சானுடைய மகன். கர்க்லாண்டில் தங்கள் வீட்டு நிலவறையில் சொந்தமாக சேர்வர் வைத்திருக்கிறான். அதைப் பார்க்க என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மீனும் நண்டும் நிறைந்த பெரிய ஃப்ரீசருக்குப் பக்கத்தில் அது பச்சை விளக்கு மினுங்க நின்றது. மேலே அவனுடைய அம்மா வடை சுட்டுக்கொண்டிருந்தா.

"ஏதும் பிரச்சினையெண்டால் எனக்கொரு கோல் அடியுங்கோ அக்கா. உடன திறந்து தருவன்" என்றான் கீர்த்திகன்.

"அதுதானே வேணும். எங்கட பொடியன்" என்றார் ரவி அண்ணை.

மேத்ருக்குப் பயம் எங்கேயோ இருட்டறையில் இருக்கிற கள்ளனில். எனக்குப் பயம் கீர்த்திகனின் அம்மாவில். யார் வீட்டில் யாருக்கு என்ன வருத்தம், யாருடைய கலியாணம் எந்த வருசம் முறிந்தது என்பதெல்லாம் கர்க்லாண்டுக் குசினிக்குக் கீழே ஒரு பெட்டிக்குள் கிடக்க, மேலே வடை சுடுகிற ஒரு மனுசி எத்தனை நாளைக்குப் பொறுமையாக இருப்பா? முன்பின் தெரியாத ஒருவன் என் பத்திரத்தைக் களவெடுத்து என்ன செய்வான்? தெரிந்தவன்தான் வாசிப்பான். வாசித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கலியாண வீட்டில் என்னைப் பார்த்துப் பாவம் என்று தலையைச் சரிப்பான்.

நான் மூன்றாவது ஆளைத்தான் பிடித்தேன். மொன்றியலில் இருக்கிற சிறிய கொம்பனி. லிங்க் மின்னஞ்சலில் போகும். அதைத் திறக்க ஆறு இலக்கக் குறியீடு வேண்டும். அந்தக் குறியீடு தனியாகத் தொலைபேசிக்குப் போகும். தொலைபேசி இல்லாத ஆளுக்கு மின்னஞ்சலிலேயே இரண்டாவது கடிதமாக வரும். யார் திறந்தாலும் பதிவாகும். விற்க வந்த பிரெஞ்சுக்காரப் பெண் இன்னொரு சிறப்பும் சொன்னாள். பழைய முகவரிப் பட்டியலை ஏற்றினால், ஒரே ஆள் இரண்டு தடவை இருந்தாலும் அது தானே கண்டுபிடித்து இணைத்துவிடும், இல்லாத விபரத்தைப் பழையதில் இருந்து எடுத்து நிரப்பிவிடும். நான் தலையாட்டினேன். எனக்கு அது மிகவும் பிடித்தது என்றுகூடச் சொன்னேன்.

ரவி அண்ணையோடு ஒரு கிழமை இழுபறி. கடைசியில், "கீர்த்திகன்ட அம்மா வாசிக்கமாட்டா எண்டு நீங்கள் எழுதித் தாங்கோ, நான் அவன்ர சாமானைப் போடுறன்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "சரி, உன்ர விருப்பம்" என்றார். வென்ற சந்தோசத்தில் அன்று பின்னேரமே பழைய பட்டியலை ஏற்றினேன்.

அந்தப் பட்டியலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது ரவி அண்ணை தொடக்கத்திலிருந்து வைத்திருக்கிறது. வீட்டுக்கு ஒரு வரி. வீட்டுத் தலைவரின் பெயர், பக்கத்தில் மனுசி பிள்ளைகளின் பெயர்கள், விலாசம், ஒரு தொலைபேசி. தகப்பனுக்குப் பிரெஞ்சு ஓடாத வீடுகளில் மூத்த மகனின் நம்பர். "வீட்டுக்கு ஒரு நம்பர் காணும் பிரஷா. ஆரோ ஒராள் எடுத்தாச் சரிதானே" என்பார். அதில் எனக்கும் அப்போது ஒரு பிழை தெரியவில்லை. எங்கள் வீட்டிலும் அப்பாவின் நம்பர்தான் எல்லாருக்கும் இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை அக்னெஸ் வந்தா. மன்னாரைச் சேர்ந்தவ. மேத்ர் அனுப்பிய ஆள். முப்பது வயது இருக்கும். குளிர் ஜாக்கெட்டைக் கழற்றாமல் கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, வாசலைப் பார்த்துப் பார்த்துத்தான் கதைத்தா. நாலு வயது மகனைக் கார்டரி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில் விட்டுவிட்டு, அவனை எடுக்கிற நேரத்துக்குள் ஓட வேண்டும். நான் தட்டச்சுச் செய்யச் செய்ய வாக்குமூலத்தைச் சொன்னா. அதில் இரத்தம் இல்லை, முறிந்த எலும்பு இல்லை. வங்கி அட்டை கணவரிடம். அவவின் பாஸ்போட்டும் பிள்ளையின் பாஸ்போட்டும் கணவரின் வானுக்குள் ஒரு பூட்டின பெட்டியில். தொலைபேசியை ஒவ்வொரு இரவும் அவர் வாங்கிப் பார்ப்பார். கதைத்தது போதாவிட்டால் ஏன் கதைக்கவில்லை என்று கேட்பார், கூடினால் யாரோடு என்று கேட்பார். விடியும்வரை கேட்பார். இது வருசக்கணக்காக நடக்கிறது.

பிள்ளை தன்னோடு இருக்க வேண்டும் என்று கேட்கிற அவவின் மனு வெள்ளிக்கிழமை நீதிபதியின் முன் போகிறது. அன்று காலை அவ மகனோடு லவாலில் ஒரு தோழி வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு.

"அவருக்கு அதுக்கு முதல் தெரிஞ்சால் மகனைக் கொண்டு ரொறன்ரோவில தமையன் வீட்டை போயிடுவார். சொல்லியிருக்கிறார்" என்றா. "ஃபோனுக்கு மட்டும் ஒண்டும் அனுப்பாதேங்கோ. எனக்கு ஒரு இமெயில் இருக்கு, பிரெஞ்சு வகுப்பில செய்து தந்தவை. நாளைக்குப் பின்னேரம் சேர்ச்சுக்குப் பக்கத்து லைப்ரரியில பாக்கிறன். வீட்டில சேர்ச்சுக்குப் போறனெண்டு சொல்லுவன்."

"பயப்படாதேங்கோ. இப்ப நல்லதொண்டு போட்டிருக்கிறம். வேற ஆரும் திறக்க ஏலாது" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

கணவரை எனக்குத் தெரியும். அருமைராசா. பேக்கரி ஒன்றுக்கு வான் ஓட்டிக் கடை கடையாகப் பாண் போடுகிறவர். சேர்ச்சில் கதிரை அடுக்குவதென்றாலும் செத்தவீட்டுக்கு ஆள் சேர்ப்பதென்றாலும் முதல் ஆள். என்னைத் தெருவில் கண்டால், "தங்கச்சி, சுகமோ" என்று வானை நிறுத்திக் கேட்பார். அந்த வாக்குமூலத்தைத் தட்டச்சுச் செய்தபோது எனக்கு வந்த கோபத்தில் பாதி, அந்தச் சுகமோவுக்குப் பல்லைக் காட்டி நின்ற என்மேல்தான்.

புதன்கிழமை ரவி அண்ணை முத்திரை குத்தித் தந்தார். தமிழ்ப் பிரதியை அக்னெஸ் வாசித்து ஒப்புக்கொண்டால்தான் பிரெஞ்சுப் பிரதி மேத்ருக்குப் போகும். மத்தியானம் கழிய நான் புது முறையைத் திறந்தேன். பெயர் போட்டேன், விலாசம் போட்டேன், மின்னஞ்சல் போட்டேன். தொலைபேசி என்ற கட்டத்தை வெறுமையாக விட்டேன். அனுப்பு என்பதை அமத்தினேன்.

பச்சை எழுத்தில் பதில் வந்தது. லிங்க் மின்னஞ்சலுக்குப் போய்விட்டது. குறியீடு, 71 என்று முடிகிற தொலைபேசிக்குப் போய்விட்டது.

எந்தத் தொலைபேசி? நான் ஒன்றும் போடவில்லையே. பட்டியலைத் திறந்தேன். அக்னெஸ் என்று தேடினேன். நான் போட்ட பெயர் தனியாக இல்லை. விலாசம் ஒன்றென்று கண்டு, கொம்பனியின் கெட்டித்தனம் அவவைப் பழைய வரியோடு இணைத்து, இல்லாத நம்பரைத் தானே நிரப்பியிருந்தது. அருமைராசா, மனைவி அக்னெஸ், மகன் ஒருவர். வீட்டுக்கு ஒரு நம்பர்.

லிங்கை உடனே முடக்கினேன். அதைச் செய்ய முடிந்தது. பத்திரத்தை இனி ஒருவரும் திறக்க முடியாது. ஆனால் போன குறியீட்டை மீட்க முடியாது. அதில் என்ன எழுதியிருக்கும் என்று என்னுடைய தொலைபேசிக்கு ஒன்றை அனுப்பிப் பார்த்தேன். எங்கள் நிலையத்தின் பெயர், உங்கள் பத்திரம் தயார், ஆறு இலக்கம். யாருடைய பத்திரம் என்று இல்லை. மேத்ர் பார்த்தால் ஒரு குறையும் சொல்லமாட்டார். பத்திரம் வெளியே போகவில்லை. ஒரு எழுத்தும் கசியவில்லை. ஆனால் அந்த வீட்டில் யாரோ எங்களிடம் ஒரு பத்திரம் செய்யக் கொடுத்திருக்கிறார்கள் என்பது போய்விட்டது. அருமைராசா தான் கொடுக்கவில்லை என்பதை அறிவார். நாலு வயதுப் பிள்ளை கொடுக்கவில்லை என்பதையும் அறிவார்.

எழும்பி ஜன்னலடிக்குப் போனேன். திரும்பி வந்தேன். மறுபடியும் போனேன். உள் அறையில் ரவி அண்ணை ஒரு ஐயாவுக்குக் காணி உறுதி விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த மனுசனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. முகத்தில் எல்லாம் பிரெஞ்சிலும் தமிழிலும் எழுதியிருக்கும்.

தொலைபேசி அடித்தது.

"தங்கச்சி, அருமைராசா கதைக்கிறன். சுகமோ? எனக்கு உங்கட இடத்தில இருந்து ஏதோ நம்பர் வந்திருக்கு. நான் ஒண்டும் தரேல்லையே."

"அப்பிடியோ அண்ணை. பாத்துச் சொல்லட்டே?"

"வேண்டாம், வேண்டாம். நான் இஞ்ச பக்கத்து டெபனருக்குப் பாண் போட்டுக்கொண்டு நிக்கிறன். முடிச்சுக்கொண்டு ஒருக்கா ஏறி வாறன்."

வைத்துவிட்டார். டெபனர் எங்கள் தெருமுனையில் இருக்கிற சில்லறைக் கடை. பாண் தட்டுகளை இறக்கி அடுக்குகிற நேரம்தான் எனக்கு இருந்தது.

பிழையான நம்பர் என்று சொல்லலாம். அவருடைய நம்பர் எங்களிடம் சரியாக இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். வேறு ஆளுக்குப் போக வேண்டியது என்று சொல்லலாம். யாருக்கு என்று கேட்பார். எதைச் சொன்னாலும், ஒரேயொரு ஆளுக்கு வந்த ஒரேயொரு குறியீடு அவருடைய கையில் இருக்கும். அதை இல்லையென்று ஆக்க முடியாது. அப்போதுதான் திரையின் ஓரத்தில் 'எல்லாருக்கும்' என்ற பொத்தானைக் கண்டேன்.

எங்கள் வேலை நேரத்தை எழுதிய ஒரு பக்கத்தை எடுத்து ஒரு பத்திரம்போல ஏற்றினேன். பட்டியலில் இருந்த எல்லாரையும் தெரிவு செய்தேன். நிச்சயமாகவா என்று அது இரண்டு தடவை கேட்டது. எனக்கு எதுவும் நிச்சயமில்லை. அமத்தினேன்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு என் மேசைத் தொலைபேசி அடித்தது. எடுப்பதற்குள் ரவி அண்ணையின் தொலைபேசி அடித்தது. உள்ளே இருந்த ஐயாவின் சட்டைப் பையிலும் ஏதோ கிணுகிணுத்தது. கீழே புடைவைக் கடைக்காரப் பிள்ளை படிக்கட்டின் அடியில் நின்று, "அக்கா, எனக்கு என்ன பத்திரம் வந்திருக்கு?" என்று கேட்டாள். நான் ஒரு காதில் ஒருவருக்கும் மற்றக் காதில் இன்னொருவருக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தபோது அருமைராசா ஏறி வந்தார். மேல்சட்டையெல்லாம் மா. கையில் ஒரு பாண் உறை.

"இது உங்களுக்கு, சுடச் சுட" என்று அதை மேசையில் வைத்தார். பிறகு தொலைபேசியை நீட்டினார். "இப்ப ரெண்டு வந்திருக்கு தங்கச்சி."

"ஓம் அண்ணை. புது முறையொண்டு போட்டிருக்கிறம். முதல் கொஞ்சப் பேருக்கு அனுப்பிப் பாத்தனான். உங்கட பேர் அகர வரிசையில முன்னுக்கு நிக்குது. பேந்து கை பட்டு எல்லாருக்கும் போட்டுது."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. கால் மேசைக்கு அடியில் தன் பாட்டுக்கு ஆடியது. அவர் என் முகத்தைப் பார்த்தார், அடிக்கிற தொலைபேசியைப் பார்த்தார்.

உள் கதவு திறந்தது. ரவி அண்ணை சிவந்துபோய் நின்றார்.

"பிரஷாந்தினி."

தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது.

"ஆரைக் கேட்டு அனுப்பினீர்? வன்கூவரில இருந்து ஆக்கள் எடுக்கினம். செத்துப்போன ஆளின்ர நம்பருக்கும் போயிருக்கு, மகள் அழுகிறா. கீர்த்திகன்ட சாமானைப் போடுவமெண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னனான். கேட்டீரோ?"

அவருக்கு ஒன்றும் தெரியாது. அவருடைய கோபம் பச்சைக் கோபம். அதைப் போல ஒன்றை நான் ஒரு வருசம் பழகினாலும் நடித்திருக்க முடியாது. திட்டட்டும், இன்னும் திட்டட்டும் என்று இருந்தது எனக்கு. பிறகுதான் அவர் அருமைராசாவைக் கண்டார். வாய் திறந்தபடி நின்றது. காலையில் தான் முத்திரை குத்திய பெயர் அவருக்கு ஞாபகம் வந்ததை நான் கண்ணால் கண்டேன்.

"வீட்டில எல்லாரும் சுகமோ?" என்று கேட்டார் ரவி அண்ணை. கேட்காமல் விட்டிருக்கலாம்.

"ஓம் அண்ணை, சுகம். அக்னெஸ் சேர்ச்சுக்குப் போட்டா." அருமைராசா என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "பிள்ளையைப் பேசாதேங்கோ. புதுசுதானே, பழகுறா. என்ர நம்பரை மாத்த வேண்டாம், தங்கச்சி. அது சரி. எங்கட வீட்டில எல்லாத்துக்கும் அந்த நம்பர்தான்."

படிக்கட்டில் அவருடைய சப்பாத்துச் சத்தம் இறங்கி மறைந்தது. ஜன்னலால் பார்த்தேன். வான் வடக்குப் பக்கம் போனது. நூலகம் மற்றப் பக்கம். நான் ஜாக்கெட்டை இழுத்துக்கொண்டு, "அண்ணை, பேந்து வந்து சொல்லுறன்" என்றேன். அவர் அடிக்கிற தொலைபேசியை எடுத்து, "ஓம், மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று தொடங்கினார்.

கரைந்தும் கரையாததுமான பனிச்சேற்றில் ஓடினேன். மனத்துக்குள் ஒரு பெருமையும் ஓடியது. தப்பவைத்துவிட்டேன், கெட்டிக்காரி என்று.

அக்னெஸ் சிறுவர் பகுதியின் மூலைக் கம்ப்யூட்டரில் இருந்தா. ஜாக்கெட்டை அப்பவும் கழற்றவில்லை. லிங்க் திறக்கவில்லை என்று மெதுவாகச் சொன்னா. நான் பக்கத்தில் குந்தி இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. குறியீடு யாருக்குப் போனது, நான் என்ன பொய் சொன்னேன், அவர் என்ன சொன்னார்.

"அவர் சத்தம் போட்டவரோ?" என்று கேட்டா.

"இல்லை. சிரிச்சவர். பாண் தந்தவர். எனக்காக அண்ணையோடயும் கதைச்சவர்."

அக்னெஸ் கண்ணை மூடித் திறந்தா.

"அப்ப அவர் நம்பேல்லை. நம்பினால் சத்தம் போட்டிருப்பார். எங்கட நேரத்தை வீணாக்கினதுக்குக் கோவிச்சிருப்பார்."

என் பெருமை அந்த இடத்திலேயே விழுந்தது. நான் ஊர் முழுவதையும் எழுப்பி வாங்கிக் கொடுத்தது ஒரு பின்னேரம் மட்டும்தான். இரவு அவர் கேட்பார். விடியும்வரை கேட்பார்.

"அப்ப இண்டைக்கே போறன்" என்றா அக்னெஸ். வெள்ளிக்கிழமைக்கென்று கட்டிய பை வீட்டு அலுமாரிக்குள் இருந்தது. அதை அங்கேயே விட்டா.

புதிதாக ஒரு லிங்கை என் தொலைபேசியிலிருந்தே அனுப்பினேன். இந்தத் தடவை நம்பர் கட்டத்தில் என்னுடைய நம்பரைப் போட்டேன். குறியீடு என் கையில் வந்து விழுந்தது. அவ அதைப் பார்த்து ஒவ்வொரு இலக்கமாக அமத்தினா. வாக்குமூலம் திறந்தது. அவ வாசிக்கத் தொடங்கினா.

என்னால் நிற்க முடியவில்லை. கண்ணாடிக் கதவுக்கும் அவவுக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு வெள்ளை வானும் எனக்கு அவருடைய வானாகத் தெரிந்தது.

"வாசிக்கத் தேவையில்லை, ஒப்புக்கொள்ளுறன் எண்டதை அமத்துங்கோ, போவம்" என்றேன்.

"இல்லை. இது நான் சொன்னது. நான் வாசிக்கோணும்."

கடைசி வரிவரை வாசித்தா. ஓரிடத்தில் நிறுத்தி, "இது சமையலறை இல்லை, விறாந்தை" என்றா. நான் அவ்விடத்திலேயே திருத்தினேன். பிறகு அமத்தினா.

கார்டரியில் பொடியனுக்குச் சப்பாத்துப் போட்டுவிடுகிற மிஸ் எங்களைக் கண்டு 'பொன்ஜூர்' என்று வணக்கம் சொல்லி, இன்றைக்கு நேரத்தோடு வந்திருக்கிறீர்கள் என்று பிரெஞ்சில் சொன்னா. மகன் என்னைப் பார்த்து யார் என்று தாயிடம் அதே பிரெஞ்சில் கேட்டான். அக்னெஸ் அவனுடைய ஜாக்கெட் சிப்பை இழுத்துப் பூட்டினா. "என்ர ஆள்" என்று தமிழில் சொன்னா.

பார்க் மெத்ரோ நிலையத்துக்குள் இறங்க முன்னர் தன் தொலைபேசியை நிறுத்தி என் கையில் தந்தா. "இதில நான் எங்க நிக்கிறனெண்டு அவருக்குத் தெரியும். மேத்ரிட்டைக் குடுத்திடுங்கோ." பிறகு கொஞ்சம் தயங்கினா. "எல்லா இடத்திலயும் நம்பர் கேப்பினம். கொஞ்ச நாளைக்கு உங்கட நம்பரைக் குடுக்கலாமோ?"

"குடுங்கோ" என்றேன்.

நீலக் கோட்டில் ஏறினார்கள். ஜோன்-தலோன் நிலையத்தில் மாறி ஆரஞ்சுக் கோட்டில் லவாலுக்கு. கதவு மூடும்போது பொடியன் மட்டும் கையசைத்தான்.

அன்று இரவு அருமைராசா எங்கள் நிலையத்துக்குத் திரும்பத் திரும்ப எடுத்திருந்தார். அடுத்த நாள் காலை கதவு திறக்க முன்னரே வாசலில் நின்றார். சிரிப்பில்லை. ரவி அண்ணையிடம் நான் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். "அருமை, இஞ்ச ஆர் வந்தது, வரேல்லை எண்டு நான் ஒருதருக்கும் சொல்லுறேல்லை" என்றார் ரவி அண்ணை. அது பொய். அவர் எல்லாருக்கும் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்த மனுசன்தான். அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சொல்லவில்லை.

திருத்திய பிரெஞ்சுப் பிரதி புது முத்திரையோடு மேத்ருக்குப் போனது. வெள்ளிக்கிழமை நீதிபதி மனுவை ஏற்றார். பிள்ளை தாயோடு இருக்கலாம் என்று இடைக்கால உத்தரவு வந்தது.

ரவி அண்ணை கீர்த்திகனின் பெட்டியைப் பற்றிப் பிறகு கதைக்கவில்லை. பட்டியலைத்தான் பிரிக்கச் சொன்னார். ஒரு ஆளுக்கு ஒரு வரி. நான் ஒவ்வொரு வீடாக எடுத்து, மனுசியின் நம்பர் என்ன என்று கேட்டேன். பெரும்பாலும் ஆண் குரல்தான் எடுத்தது. "இதே நம்பர்தான், சொல்லுங்கோ" என்றது. சில மனுசிமார் பக்கத்தில் நின்று, "எனக்கெதுக்கு" என்று சொல்வதும் கேட்டது. கேட்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன செய்வது, அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டேன்.

அதற்குப் பிறகு என் தொலைபேசிக்கு இலக்கங்கள் வரத் தொடங்கின. வங்கியிலிருந்து ஒரு குறியீடு. மருத்துவ அட்டைக்கு ஒன்று. புதுக் கார்டரியிலிருந்து ஒன்று. வந்த உடனே லவாலில் தோழியின் வீட்டுக்கு அடித்து, அக்னெஸைக் கூப்பிட்டு வாசித்துச் சொல்லுவேன். சமையலுக்குள் இருந்தாலும், மெத்ரோவுக்குள் இருந்தாலும். குறியீடு காலாவதியாகிவிடுமோ என்று தொலைபேசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். குளிக்கப் போனாலும் கொண்டு போனேன். வாழ்க்கையில் முதல் தடவையாக என் பதற்றத்துக்கு ஒரு பிரயோசனம் கிடைத்தது.

சித்திரை கடைசியில் அது நின்றுபோனது. ஒரு நாள் வரவில்லை, அடுத்த நாளும் வரவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேசை நடுங்கியது. ரவி அண்ணை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். மத்தியானம்போல் தெரியாத நம்பரிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது.

"அக்னெஸ். இது என்ர நம்பர். என்ர பேரில எடுத்தனான்."

நான் பட்டியலைத் திறந்தேன். புதிய ஆள் என்பதை அமத்தி, அவவின் பெயரைப் போட்டேன். நம்பரை ஒவ்வொரு இலக்கமாகப் பார்த்துப் பார்த்துப் போட்டேன். சேமிக்கச் சொன்னதும் திரையில் ஒரு கேள்வி வந்தது. இந்த ஆள் ஏற்கெனவே உள்ள ஒரு வீட்டைச் சேர்ந்தவர்போலத் தெரிகிறது, அதனோடு இணைக்கவா?

இல்லை என்பதை அமத்தினேன்.